சுரண்டினால் மெழுகு வருகிறதே!

"மேடம், எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது ஆகிறது. போன வாரம் பளபளவென்று இருந்த ஆப்பிள் இரண்டு கிலோ வாங்கினோம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை வெள்ளையாக மெழுகு சுருண்டு வருகிறது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் மேலே படலம் கட்டுகிறது. 'மெழுகுவத்தியைத்தான் உருக்கித் தடவியிருக்கான்' என்று மாமியார் மொத்தப் பழத்தையும் மாட்டுக்குப் போட்டுவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவும் அப்படித்தான் சொல்கிறது. இது உண்மையா? குழந்தைக்குத் தோலோடு கொடுக்கலாமா?"

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடிதம். இதே கேள்வி ஆப்பிள் பருவத்தில் வருடம் தவறாமல் வருகிறது. பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் செய்ததை நானும் செய்து பார்த்தேன். தள்ளுவண்டியில் சிம்லா ஆப்பிள் ஒன்று, சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிள் ஒன்று, கூடவே ஒரு முட்டைக்கோஸ். மூன்றையும் அடுப்படி மேடையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். வெளிநாட்டு ஆப்பிளில் மெழுகு நன்றாகவே வந்தது. சிம்லா ஆப்பிளிலும் வந்தது, கொஞ்சம் குறைவாக, மாவு மாதிரி. முட்டைக்கோஸின் வெளி இலையில் நகத்தால் ஒரு கோடு இழுத்தேன். சாம்பல் பூத்த நிறம் விலகி உள்ளே பச்சை தெரிந்தது, நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கோஸுக்கு மெழுகுவத்தி தடவுகிற வியாபாரியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அந்த வெள்ளையில் முக்கியமான ஒரு பொருளுக்கு நோனகோசேன் என்று பெயர். 29 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்க, அவற்றைச் சுற்றி 60 ஹைட்ரஜன் அணுக்கள். வேறெதுவும் கிடையாது. இப்படிக் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சங்கிலிகளை ஆல்கேன் என்கிறோம். சாண எரிவாயுவில் இருக்கும் மீத்தேன் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி, அதற்கு ஒரே கார்பன். சமையல் சிலிண்டருக்குள் இருப்பவை மூன்று, நான்கு கார்பன் உள்ளவை. சங்கிலி நீள நீள வாயு திரவமாகும், திரவம் மெழுகாகும். மெழுகுவத்தியின் பாரஃபின் பெரும்பாலும் 20-க்கு மேல் 40-க்குள் கார்பன் உள்ள சங்கிலிகளின் கலவை. ஆக, உங்கள் மாமியார் ஒரேயடியாகத் தப்பாகச் சொல்லிவிடவில்லை. ஆப்பிள் தோலுக்கும் மெழுகுவத்திக்கும் பங்காளி உறவு உண்டு. அதற்காக, ஒரு வீட்டுக்காரர் செய்ததற்கு இன்னொரு வீட்டுக்காரரைப் பிடித்து உள்ளே வைக்க முடியாது.

செடிக்கு எதற்கு மெழுகு? முட்டைக்கோஸ் இலை ஒன்றைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் படராது, முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். வெளித் தண்ணீரை உள்ளே விடாத அதே படலம், உள் ஈரத்தையும் வெளியே விடாது. அதற்காகத்தான் இலையும் பழமும் தமக்குத் தாமே மெழுகு பூசிக்கொள்கின்றன. கோஸ், காலிஃபிளவர், நூக்கல் என்று கடுகுக் குடும்பக் காய்கறிகளில் பெரும்பாலும் நோனகோசேன்தான் முன்னிலை. சானன், சிப்னால் என்ற இருவர் முட்டைக்கோஸ் இலையிலிருந்து இதைப் பிரித்து அடையாளம் சொன்னது 1920-களின் கடைசியில். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பழமொழியாகவே சொல்கிறோமே, அந்த இலையின் மேலுள்ள நுண்குழல் மெழுகும் இதே 29 கார்பன் சட்டத்தில் அங்கங்கே ஆக்சிஜன் சேர்ந்ததுதான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் அழுக்கையும் அள்ளிக்கொண்டு ஓடுவது எப்படி என்று ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997-இல் விளக்கியபோது உலகமே வியந்தது. நம் ஊரில் குளத்தங்கரையில் நின்றவர்களுக்கெல்லாம் பாதி விஷயம் முன்னமே தெரியும்.

இனி, இது செடி பூசியதா ஆள் பூசியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இருக்கிறது.

கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது நூறோடு ஒன்று சேர்த்து 101, ஐந்நூறோடு ஒன்று சேர்த்து 501 என்று ஒற்றைப்படையாக்குகிறோம். செடியும் மெழுகை ஒற்றைப்படையாகத்தான் எழுதும். ஆனால் நாம் ஒன்றைக் கூட்டுகிறோம், அது ஒன்றைக் கழிக்கிறது. கொழுப்பு அமிலத்தைக் கட்டும்போது செடி இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக்கொண்டே போகிறது. அதனால் சங்கிலி 28, 30, 32 என்று இரட்டைப்படையிலேயே வளரும். கடைசியில் அதை ஆல்கேனாக மாற்றும்போது நுனியிலிருந்து ஒரு கார்பன் கழன்றுவிடும். 30 இருந்தது 29 ஆகிறது, 32 இருந்தது 31 ஆகிறது. இதனால் கோஸ், ஆப்பிள், புல், தேன்மெழுகு என்று எதைப் பார்த்தாலும் ஆல்கேன்கள் 27, 29, 31, 33 என்றே குவிந்திருக்கும். 28-ம் 30-ம் பேருக்குத்தான். கச்சா எண்ணெயிலிருந்து வடித்த பாரஃபினுக்கு இந்த நாள் நட்சத்திரமெல்லாம் கிடையாது. ஒற்றையும் இரட்டையும் அதில் சரிசமமாக இருக்கும்.

ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் இரண்டையும் ஏற்றினால் கண்ணாலேயே வித்தியாசம் தெரியும். செடி மெழுகின் வரைபடம் ஒரு பல் விட்டு ஒரு பல் உடைந்த சீப்பு மாதிரி வரும். பாரஃபின் ஏறி இறங்கும் மணல்மேடு மாதிரி வரும். தேன்மெழுகில் பாரஃபின் கலப்படம் செய்தவர்கள் இந்தச் சீப்பிடம்தான் மாட்டிக்கொள்வார்கள்.

வெந்நீர்ச் சோதனைக்கு இந்தத் திறமை கிடையாது. நோனகோசேன் 64 டிகிரியை ஒட்டி உருகும். தேன்மெழுகும் ஏறக்குறைய அங்கேயே உருகும். மெழுகுவத்திப் பாரஃபின் இதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே. கார்னோபா மெழுகுக்குக்கூட 80-க்குச் சற்று மேல் போதும். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. எல்லாரும் ஒன்றாக உருகி, ஒன்றாக மிதந்து, ஆறியதும் ஒன்றாக வெளுத்துப்போவார்கள். அந்த வீடியோவில் வெந்நீரை ஊற்றுகிறவர் அடுத்ததாக ஒரு முட்டைக்கோஸுக்கும் ஊற்றியிருந்தால் அவருடைய குட்டு உடைந்திருக்கும்.

அப்படியானால் ஆப்பிளுக்கு யாருமே மெழுகு பூசுவதில்லையா என்றால், பூசுகிறார்கள். பறித்த பழத்தைத் தூசியும் மருந்தும் போக இயந்திரத்தில் கழுவித் தேய்க்கும்போது அதன் சொந்த மெழுகில் ஒரு பகுதி போய்விடும். மாதக்கணக்கில் குளிர்கிடங்கிலும் கப்பலிலும் இருக்க வேண்டிய பழம் சுருங்கக்கூடாதே என்று, போனதற்கு ஈடாக மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011 விதிகள் பழங்களுக்குப் பெயர் சொல்லி அனுமதித்தவை தேன்மெழுகு, கார்னோபா, அரக்கு மெழுகு ஆகிய மூன்றும்தான். பூசியிருந்தால் இன்ன மெழுகு என்று லேபிளில் சொல்லவும் வேண்டும். மெழுகுவத்திப் பாரஃபின் அந்த வரிசையில் இல்லை. சொல்ல வேண்டிய லேபிள் பெட்டியோடு மொத்த வியாபாரியிடமே நின்றுவிடுகிறது, தள்ளுவண்டி வரைக்கும் வருவதில்லை. குறை சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

அரக்கு என்பது பூச்சியிடமிருந்து வருவது, தேன்மெழுகு தேனீயிடமிருந்து. கார்னோபா மட்டும் பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து வருகிறது. சுத்த சைவம் என்று கறாராக இருப்பவர்களுக்கு உடல்நலத்தைவிட இந்தத் தகவல்தான் முக்கியமாகப் படலாம், அதனால் சொல்லிவைக்கிறேன். அவர்கள் தோலைச் சீவிவிட்டால் முடிந்தது.

எங்கள் தெருவில் பழவண்டி தள்ளுகிறவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"மெழுகாக்கா? அதுக்கு வேற எவன் காசு குடுப்பான்? பழத்தை எடுத்து இப்படித் துணியில நாலு தேய்."

சொன்னதோடு நிற்காமல், சாம்பல் பூத்தாற்போல மங்கலாக இருந்த ஒரு பழத்தைத் தோளில் கிடந்த துண்டால் தேய்த்துக் காட்டினார். பத்துத் தேய்ப்பில் அதில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. தோலின் மேல் பொடிப்பொடியாக நின்ற மெழுகுத் துகள்கள் தேய்க்கத் தேய்க்கப் படிந்து சமமாகிவிடுகின்றன, வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. அவ்வளவுதான் பளபளப்பு. அன்றிலிருந்து நான் காம்புக்குழியைப் பார்த்து வாங்குகிறேன். துண்டு எட்டாத அந்தக் குழிக்குள் மங்கலாகப் பூத்திருந்தால் பழத்தின் சொந்த மெழுகு என்று எடுத்துக்கொள்வேன். குழிக்குள்ளும் வார்னிஷ் அடித்ததுபோல் மின்னினால், அல்லது காம்படியில் கட்டியாகத் தேங்கியிருந்தால், பூச்சு என்று வைத்துக்கொள்வேன். கோர்ட்டில் நிற்கிற சாட்சியம் இல்லை, கடைத்தெருவுக்குப் போதும்.

சரி, தின்றால் என்ன ஆகும்? ஆல்கேன் சங்கிலி நீள நீளக் குடல் அதை உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். 29-ஐயும் அதற்கு மேலும் எட்டிவிட்டால் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். இதை ஆட்டுப் புழுக்கையில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மேய்ச்சலில் ஆடு எவ்வளவு புல் தின்றது என்று கணக்கெடுக்க 1980-களில் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். புல்லில் 33 கார்பன் மெழுகு நிறைய உண்டு, 32 அரிது. அளந்த அளவு 32-ஐ ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, புழுக்கையில் இரண்டும் எந்த விகிதத்தில் வருகின்றன என்று பார்த்தால் தின்ற புல்லின் அளவு வந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தப்பி வெளியேறுவதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. உங்கள் வீட்டு மாடும் இந்த மெழுகைத்தான் தினமும் கட்டுக்கட்டாக மேய்ந்துகொண்டிருக்கிறது. ஆப்பிள் அதற்குத் தீபாவளி.

எல்லாமே வெளியேறிவிடுகிறது என்று சொல்லவும் மனசாட்சி இடம் தரவில்லை. 1980-களின் இறுதியில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார்கள். உடல் திசுக்களில் இந்த ஒற்றைப்படை மெழுகுகள் படிந்திருந்தன. சாப்பாட்டுப் பழக்கத்தைத் தோண்டிப் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் ஒரு கிலோவுக்கும் மேல் ஆப்பிள். தினம் ஒன்றோ இரண்டோ தின்கிற நமக்கும் அதற்கும் ரொம்ப தூரம். ஆனாலும் ஒரே பழத்தை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டு கிலோக்கணக்கில் சாப்பிடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மெழுகு இல்லாவிட்டாலும் வேறு காரணம் ஆயிரம் இருக்கிறது.

உங்கள் கவலையைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். மெழுகை விட்டுவிட்டு, மெழுகின் மேலும் அதற்குள்ளும் தங்குகிற மருந்தைப் பாருங்கள். கோஸ் விவசாயியிடம் கேட்டால் சொல்வார்: மருந்தை வெறும் தண்ணீரில் கலந்து அடித்தால் இலையில் நிற்காது, உருண்டு மண்ணில் விழுந்துவிடும். அதனால் ஒட்டும் திரவமோ காதி சோப்புக் கரைசலோ சேர்த்துத்தான் அடிப்பார்கள். அப்படி அடித்தது பெரும்பாலும் வெளி இலைகளில்தான் நிற்கும். மலைக்கோஸ் வாங்கினால் மேலே இரண்டு மூன்று இலைகளைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். எடை போகிறதே என்று அந்த வெளி இலையைப் பொரியலில் சேர்க்கிற சிக்கனம் வேண்டாம். உள்ளே இருக்கிற இலைகளைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். தண்ணீர் ஒட்டாத பரப்பு என்பதால் முக்கி எடுப்பதில் பிரயோஜனம் கம்மி. கை படவேண்டும்.

ஆப்பிளுக்கு ஆப்பசோடா நல்ல வழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் சோதித்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தபோது தையாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 12 நிமிடத்தில் 80 சதவீதமும், ஃபாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லி 15 நிமிடத்தில் 96 சதவீதமும் தோலின் மேலிருந்து போயின. வெறும் குழாய்த் தண்ணீரைவிட இது தேவலை. மிச்சம்? தோலுக்குள் ஊறிவிட்டது, எந்தக் கழுவலுக்கும் அது வராது. வீட்டில் செய்வதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக இரண்டு டீஸ்பூன் ஆப்பசோடா, கால்மணி நேரம், பிறகு நல்ல தண்ணீரில் தேய்த்து அலசல். கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற சோப்பு கூடவே கூடாது. பழத்தோல் அதைக் குடித்துக்கொள்ளும்.

இதையும் தின்பதற்கு முன்னால் மட்டும் செய்யுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதிபுத்திசாலியாக ஒரு கூடை ஆப்பிளை வெந்நீரில் முக்கி, துடைத்து, மெழுகு போன திருப்தியோடு அடுக்கிவைத்தேன். ஒரு வாரத்தில் அத்தனையும் எண்பது வயதுப் பாட்டி கன்னம் மாதிரி சுருங்கிவிட்டது. செடி எதற்காக மெழுகு பூசிக்கொள்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஜாம் கிளறிவிட்டார்.

இதே விஷயமாக வந்த மற்ற கேள்விகளையும் முடித்துவிடுகிறேன். ஃபிரிட்ஜில் வைத்த ஆப்பிள் கையில் பிசுக்கென்று ஒட்டுகிறது, எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சில ரகங்கள் முற்றப் பழுக்கும்போது தோலிலேயே எண்ணெய்ப் பதமான எஸ்டர்கள் ஊறி, கெட்டி மெழுகை இளக்கிவிடும். பழம் கெடவில்லை, நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். சீக்கிரம் தின்றுவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே மாவாகிவிடும். திராட்சையின் மேல் இருக்கும் வெண்பூச்சும் பெரும்பாலும் பழத்தின் சொந்த மெழுகுதான். அதில் ஆல்கேனைவிட ஒலியனாலிக் அமிலம் என்ற வேறொரு பொருள் அதிகம். விரலால் தடவினால் ஒரே சீராக விலகும். மருந்துக் கறை என்றால் சொட்டு காய்ந்த வட்டமாகத் திட்டுத்திட்டாக நிற்கும். திராட்சை எப்படியும் நிறைய மருந்து காண்கிற பயிர், மெழுகோ கறையோ, சோடாத் தண்ணீரைக் காட்டாமல் வாயில் போடாதீர்கள். டொரண்டோவிலிருந்து ஒரு வாசகி, அங்கே கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கு மெழுகு பூசி வருகிறதே என்கிறார். அது மெய்யாகவே ஆள் பூசியது, பெரும்பாலும் பாரஃபின். தோண்டிய இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகிற கிழங்கு கடல் தாண்டி வர வேறு வழியில்லை. தடித்த தோலோடு உரித்துத்தானே வேகவைக்கப்போகிறீர்கள், மெழுகும் அதோடு போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகும் உங்கள் ஊர்க் கடைக்காரர் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்குகிற எவரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: வாங்கும்போதே கடைக்காரரிடம், சோதனைக்குக் கொடுக்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். நான் பார்த்தவரை, சொல்லிவிட்டு வாங்குகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்ததுமே பாதிக் கடைகளில் வேறு பெட்டியிலிருந்து பழம் வரும்.

இனி குழந்தை. மெழுகுக்காகத் தோல் சீவ வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வயதில் வேகவைக்காத ஆப்பிள் துண்டு, அதுவும் தோலோடு, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடைவாய்ப் பல் முழுதாக வராத குழந்தையால் அதை அரைக்க முடியாது. ஆகவே இப்போதைக்குத் தோலைச் சீவி, இட்லித் தட்டில் வைத்துக் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்துக் கொடுங்கள். அவசரத்துக்குத் தேங்காய்த் துருவியில் துருவியும் கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். கையில் கொடுத்து ஓடவிடாதீர்கள். நான்கு வயது தாண்டி நன்றாக மெல்லத் தொடங்கியதும், சோடாத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மெல்லிய கீற்றாக நறுக்கித் தோலோடு கொடுக்கலாம். சீவிய தோலை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள், மாடு இதற்குள் பழகியிருக்கும்.